கல்விச் சீர் எடுப்பதற்கு முன்: ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் பெற்றோரையும் பணத்தையும் சேர்ப்பது எப்படி

தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்றிலிருந்து ஐந்து வரை 40 சொச்சம் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அங்கே பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். வீட்டில் தையல் மிஷின் போட்டிருப்பதால் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ரவிக்கை தைக்கக் கொடுக்க வருவார்கள். அளவு எடுத்து முடிவதற்குள் கேள்வி வந்துவிடும்: "ஒங்க பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எப்புடிக்கா இவ்வளவு சாமான் சேந்துச்சு? எங்க ஊர்லயும் வசூல் பண்ணணும்."

வசூலையோ, ஊரார் பள்ளிக்கு வேண்டிய பொருளைத் தாம்பாளத்தில் ஏந்தி ஊர்வலமாகக் கொண்டுவந்து கொடுக்கிற கல்விச் சீரையோ பற்றிப் பேசுவதற்கு முன் நான் இரண்டு கேள்வி கேட்பேன். போன மாதக் கூட்டத்துக்கு எத்தனை பெற்றோர் வந்தார்கள்? அரசாங்கம் கொடுக்க வேண்டிய பணத்தில் என்னென்ன செய்திருக்கிறீர்கள்? இரண்டுக்கும் பதில் இல்லாத ஊரில் வசூல் நோட்டைத் தூக்கினால், முதல் தெருவில் கொஞ்சம் கிடைக்கும், இரண்டாவது தெருவில் சண்டை கிடைக்கும். அதனால் இந்தக் குறிப்பையும் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

குழு என்று ஒன்று இருக்கிறதா, பாருங்கள்

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் இதைச் சொல்லியிருக்கிறது. மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். அப்போது 20 பேர். 2024இல் திரும்ப அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்து 24 பேர் ஆக்கினார்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். தலைமை ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர்.

பல ஊர்களில் இந்த 24 பேருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாது. கையெழுத்து நோட்டு வீட்டுக்கு வரும், போடுவார்கள், அவ்வளவுதான். உங்கள் ஊரிலும் அப்படியென்றால், பட்டியலை ஹெச்.எம்.மிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு நடை போய் 'நீங்கள் உறுப்பினர்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் என்பது வேறு, பழைய அமைப்பு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொடக்கப் பள்ளி விஷயத்தில் தீர்மானம் போட வேண்டிய இடம் மேலாண்மைக் குழுதான்.

பெற்றோரை வரவைப்பது

இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். அம்மா நூறு நாள் வேலைக்கோ தேங்காய் மட்டையில் நாரெடுக்கும் கதம்பைக் கம்பெனிக்கோ போயிருப்பார். பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவது, கூட்டிப் போவது எல்லாம் அப்பாயிதான், அப்பாவைப் பெற்ற பாட்டி. அப்படிப்பட்ட வீட்டுக்கு 'அன்புடையீர்' என்று தொடங்கும் கடிதம் அனுப்பினால் அது உத்தரத்தில் செருகப்படும். அப்பாயிக்குக் கண்ணாடி இல்லை, அம்மாவுக்கு நேரமில்லை.

வாட்ஸப்பில் எழுதுவதைவிட வாய்ஸ் மெசேஜ் நன்றாக வேலை செய்கிறது. அதுவும் பிள்ளையின் குரலில். கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அரை நிமிடம் பேசி அனுப்பும்: எத்தனை மணிக்கு, எதற்காக, எவ்வளவு நேரத்தில் முடியும். அந்தக் கடைசித் தகவல் முக்கியம். ஒரு மணி நேரம் என்று சொன்னால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். வேலையை விட்டு வந்தவர்களை ஒருமுறை இருட்டும்வரை உட்கார வைத்தால் மறுமுறை வரமாட்டார்கள்.

கூட்டத்தின் முதல் கால் மணி நேரம் பிள்ளைகளுடையது. யாருடைய உரையும் வேண்டாம். நாலைந்து பிள்ளைகள் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி வாசிக்கட்டும், பலகையில் ஒரு கணக்குப் போடட்டும். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து ஆடல், பாடல், அட்டைகள் என்று வகுப்பறையே மாறியிருக்கிறது. பெற்றோருக்கு அது தெரியாது. தாங்கள் படித்த காலத்துப் பள்ளிதான் இன்னமும் அவர்கள் மனசில் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசித்துக்கொண்டே வந்து 'மஞ்ஞை' என்ற இடத்தில் நின்றுவிட்டான். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தார்கள். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். பையன் ஒருமுறை எச்சில் விழுங்கிவிட்டு 'மஞ்...ஞை' என்றான். அவ்வளவுதான், கைதட்டு. அடுத்த மாதம் அவன் அப்பாயி, 'எம் பேரன் படிக்கிறதக் கேக்க வாடி' என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த இரண்டு பேர் வீட்டில் பள்ளிக்கு வரும் பிள்ளையே கிடையாது.

உட்காரும் விதத்தையும் கவனியுங்கள். ஆசிரியர்கள் நாற்காலியிலும் பெற்றோர் தரையிலும் இருந்தால் அது கூட்டம் இல்லை, பஞ்சாயத்து. எல்லோரும் பாயில் வட்டமாக உட்காரலாம். முழங்கால் மடக்க முடியாத பெரியவர்களுக்கு மட்டும் நாற்காலி போடுங்கள்.

காலை உணவு சமைக்கும் பெண்களை விட்டுவிடாதீர்கள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி எல்லா ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்தது. சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள், அதே பள்ளியில் பிள்ளை படிக்கிற அம்மாக்கள். அதிகாலையில் பள்ளியைத் திறந்து அடுப்பு பற்றவைப்பவர்கள் அவர்கள்தான். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தப் பிள்ளை இரண்டு நாளாக வரவில்லை என்று ஹெச்.எம்.முக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும்.

முதல் சில கூட்டங்களில் பணம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். வேலையைக் கேளுங்கள். ஒயரிங் தெரிந்த அப்பா விடுமுறையில் வந்திருக்கிறாரா? ஆடுகிற ஸ்விட்ச் போர்டை இறுக்கித் தரட்டும். டிராக்டர் வைத்திருப்பவர் ஒரு நடை மண் அடித்துத் தரட்டும். நான் செய்தது என் தொழில். மிச்சத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, சுவரில் தொங்கவிடுகிற மாதிரி வரிசை வரிசையாகப் பைகள் வைத்துக் கொடுத்தேன், ஒரு பைக்கு ஒரு கதைப் புத்தகம். பீரோவுக்குள் பூட்டிக் கிடந்த புத்தகமெல்லாம் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. செலவு நூல்கண்டும் நாலு ஆணியும்தான். உழைப்பைக் கொடுத்தவர் பிறகு பணம் கேட்கும்போது முகம் சுளிப்பதில்லை. கொடுக்க முடியாவிட்டாலும் நம் பக்கம் நின்று பேசுவார்.

மூன்று பத்திப் பட்டியல்

ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு நோட்டும் பேனாவுமாகப் பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஹெச்.எம்., இரண்டு அம்மாக்கள், கட்டாயம் இரண்டு பிள்ளைகள். எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பெயின்ட் உதிர்ந்த சுவரும் ஓடாத ஃபேனும். கூட வந்த மூன்றாம் வகுப்புப் பெண் கழிப்பறைக் கதவைக் காட்டினாள். தாழ்ப்பாள் பெரியவர் தோள் உயரத்தில் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது. அதனால் ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொன்று வெளியே காவல் நிற்கும். இது எந்த ஆய்வுப் படிவத்திலும் வராது. ஆசாரியை அழைத்து அரை மணி நேரத்தில் கீழே இன்னொரு தாழ்ப்பாள் அடித்தோம். எங்கள் பட்டியலில் முதலில் முடிந்த வேலை அதுதான்.

பட்டியலை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: அரசு செய்ய வேண்டியது, ஊர் செய்யக்கூடியது, நாமே கையால் செய்துகொள்வது. மூன்றாவதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

அரசுப் பத்தியில் முதலில் வருவது பள்ளி மானியம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்து வருடத்துக்கு ஒரு தொகை வரும். 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். ஒரே தவணையில் வராமலும் போகலாம். இந்தத் தொகை எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதைக் குழுவில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சந்தேகப்படுகிற குரலில் கேட்காதீர்கள். "டீச்சர், எதுக்குப் பத்தலன்னு சொன்னா அதுக்கு நாங்க அலையுறோம்" என்று கேட்டுப் பாருங்கள். பதிவேடே வெளியே வந்துவிடும்.

கூரை, சுற்றுச்சுவர், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி இவையெல்லாம் இரண்டாவது பத்திக்குப் போகவே கூடாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. கூரை ஒழுகினால் மனு போக வேண்டியது கல்வி அலுவலகத்துக்கு மட்டும் இல்லை, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும்தான். ஊர்ப் பணத்தில் நாமே ஒரு சுவர் எழுப்பிவிடலாமே என்று ஆர்வத்தில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். பொறியாளர் பார்க்காத சுவர் பள்ளி வளாகத்தில் இருக்கக் கூடாது. அதோடு, அரசு செய்ய வேண்டியதை ஊர் செய்துவிட்டால் அந்தத் தேவை பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும். அடுத்த ஊருக்கும் 'அவங்க கட்டிக்கிட்டாங்களே, நீங்களும் கட்டிக்கங்க' என்ற பதில்தான் கிடைக்கும்.

மனு எழுதும்போது 'ஆவன செய்யுமாறு' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்தக் கட்டடம், எந்த மூலை, எத்தனை அடி, எத்தனை பிள்ளைகள் அங்கே உட்காருகிறார்கள், எந்தத் தேதியில் குழு தீர்மானம் போட்டது என்று எழுதி, போட்டோவும் இணையுங்கள். தீர்மானத்தை மேலாண்மைக் குழுவுக்கான அரசுச் செயலியில் ஏற்றினார்களா என்றும் பாருங்கள். பிறகு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு உண்டு. நாலு அம்மாக்கள் சேர்ந்து போய் உட்கார்ந்து, பள்ளித் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லி, நோட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். ஒரே சபையில் எதுவும் நடந்துவிடாது. மூன்றாவது சபையிலும் அதே அம்மாக்கள் அதே தாளோடு உட்கார்ந்திருந்தால் நடக்க ஆரம்பிக்கும்.

பெரிய வேலைக்கு இன்னொரு வழி நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு போடும். கையில் பணம் சேர்ந்த பிறகு யோசிக்க வேண்டியது அது. முதல் வருடத்தில் தொட வேண்டாம்.

எப்போது கேட்பது

ஆடியில் கேட்காதீர்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து மாதம். தினமும் பத்திரிகை வந்துகொண்டே இருக்கும். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யவே நகை அடகுக்குப் போகிற நேரத்தில் பள்ளிக்கூட நோட்டோடு போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? ஜூனில் பள்ளி திறக்கும்போது பை, செருப்பு, பெரிய பிள்ளைகளின் கல்லூரிப் பணம் என்று கை காய்ந்திருக்கும். எங்களுக்கு ஒத்துவருவது தை அறுப்புக்குப் பிறகு, ஆண்டு விழாவை ஒட்டி. இல்லாவிட்டால் கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்கு வந்திருக்கும் பத்து நாள்.

'பள்ளிக்கு ஒரு மொய் விருந்து வைத்தால் என்ன?' என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. மொய் என்றால் கடன். செய்தவர் நோட்டில் எழுதி வைத்திருப்பார், திரும்ப எதிர்பார்ப்பார். பள்ளிக்கூடம் யாருக்குத் திருப்பிச் செய்யும்? சீர் என்றால் கணக்கு வேறு. தாய்மாமன் சீர் கொண்டுவந்தால் அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கல்விச் சீர் இந்தப் பக்கத்தில் பிடித்துக்கொண்டதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பழக்கம் ஒன்றும் புதிது இல்லை. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார்கள். ஊர் மக்களே பெஞ்சும் பலகையும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மொய் விருந்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: மொய் வாங்கும் இடத்தில் மூன்று பேர் உட்காரும் முறை. ஒருவர் வாங்குவார், ஒருவர் எண்ணிச் சொல்வார், ஒருவர் எழுதுவார். மூன்று பேரும் மூன்று வீட்டுக்காரர்கள். பள்ளி வசூலிலும் அப்படியே உட்காருங்கள்.

தேங்காயும் தாம்பாளமும்

ரொக்கம் கேட்டால் யோசிக்கிற ஊர், பொருள் கேட்டால் யோசிக்காது. எங்களுக்கு அது தேங்காய். 2018 கஜா புயலில் தோப்பு தோப்பாகச் சாய்ந்துபோனது. அதற்குப் பிறகு வைத்த கன்றுகள் இப்போது காய்ப்புக்கு வந்துவிட்டன. ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு. வெட்டு அன்று தோப்புக்குப் போய், 'பள்ளிக்கூடத்துக்கு அஞ்சு காய்' என்று கேட்டால் இல்லை என்று சொல்பவர் அபூர்வம். பத்தாக எடுத்துப் போகச் சொல்பவர்கள்தான் அதிகம். தோப்பு இல்லாத வீட்டில் கொல்லையில் இரண்டு மரமாவது நிற்கும், அங்கே ஒரு காய் போதும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி, வியாபாரி வரும்போது எல்லோர் முன்னாலும் எண்ணி, அன்றைய விலைக்குப் போட்டுவிடுவது. யார் எத்தனை காய் கொடுத்தார்கள் என்று நாங்கள் எழுதுவதில்லை. மொத்தம் எத்தனை காய், என்ன விலை, எவ்வளவு பணம் என்பது மட்டும் பள்ளித் திண்ணைப் பலகையில் அன்று மாலையே ஏறிவிடும். உங்கள் ஊரில் தேங்காய் இல்லையென்றால் நெல், கடலை, பருத்தி, எது விளைகிறதோ அது.

கல்விச் சீர் தேங்காய் மாதிரி அடிக்கடி எடுப்பது இல்லை. வருடத்துக்கு ஒருமுறை போதும். வேலை பட்டியலிலிருந்து தொடங்கும். பேராவூரணியிலோ பட்டுக்கோட்டையிலோ இரண்டு கடையில் விலை விசாரித்து, பொருள் வாரியாக எழுதுங்கள். பட்டியலில் பீரோவும் இருக்கட்டும், ஒரு டஜன் பென்சிலும் இருக்கட்டும். பாய், எவர்சில்வர் தட்டு, டம்ளர், சுவர்க் கடிகாரம், உலக உருண்டை, ஸ்கிப்பிங் கயிறு, பிளாஸ்டிக் நாற்காலி, துடைப்பம், முகம் பார்க்கிற கண்ணாடி, நகவெட்டி. யார் எதை எடுத்துக்கொள்கிறார்களோ அதன் மேல் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் ஏழு சுவர்க் கடிகாரம் வந்து சேரும்.

ஊர்வலத்தில் மேளம் முன்னால், தாம்பாளம் ஏந்திய பெண்கள் நடுவில், டிராக்டரில் பீரோ பின்னால். பார்க்க அழகாகத்தான் இருக்கும். இதில் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் பிறகு சமாளிக்க முடியாது. ஒன்று, எங்கிருந்து கிளம்புவது. கோயில் வாசலிலிருந்து என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். பள்ளியில் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நாங்கள் ரேஷன் கடை முன்னாலிருந்து கிளம்புகிறோம். இரண்டு, எந்தத் தெரு வழியாக. காலனித் தெருவுக்குள் போகாமல் மெயின் ரோட்டோடு சுற்றி வருகிற ஊர்வலத்துக்கு நான் தாம்பாளம் தூக்க மாட்டேன் என்று குழுவிலேயே சொல்லிவிட்டேன். பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அந்தத் தெரு. முணுமுணுப்பு இருந்தது. ஊர்வலம் அந்தத் தெருவுக்குள் போனபோது வீட்டுக்கு வீடு தாம்பாளம் தயாராக இருந்தது. முணுமுணுத்தவர்கள் வீட்டிலிருந்து வந்ததைவிட அதிகம்.

நோட்டீஸ் அடித்தால் பெயர்கள் அகர வரிசையில், தொகை போடாமல். பட்டங்கள் வேண்டாம். கட்சிக் கொடியும் தலைவர் படமும் பள்ளி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட வேண்டும், எந்தக் கட்சியானாலும். கொடுத்த பொருளில் பெயர் எழுதச் சொன்னால் எழுதுங்கள், ஒரு சாண் நீளத்துக்குள். ஃபேன் றெக்கை மூன்றிலும் பெயர் எழுதச் சொன்னவரும் உண்டு. சுற்றும்போது யாரும் படிக்க முடியாதே என்று சொன்னதும் விட்டுவிட்டார்.

பிள்ளை கையில் கவர் கொடுத்து அனுப்பக் கூடாது

இதை மட்டும் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். சட்டமும்கூட அதுதான். கல்வி உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவு, பள்ளியில் சேர்ப்பதற்கு நன்கொடை வாங்கக் கூடாது என்கிறது. வாங்கினால் வாங்கியதைப் போல பத்து மடங்கு வரை அபராதம். 'தலைக்கு 200 ரூபாய்' என்று ஆரம்பிப்பது, கொடுக்காத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துவது, சேர்க்கையின்போது 'விருப்பம்போல் கொடுங்க' என்று டப்பாவை நகர்த்துவது, எதுவும் வேண்டாம். பணம் கொடுக்க முடியாத வீடு அரசுப் பள்ளிக்குத்தான் பிள்ளையை அனுப்புகிறது. அந்த வாசலிலும் பணம் கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? வசூல் எப்போதும் பெரியவர்களிடம் பெரியவர்கள் கேட்பதாக இருக்கட்டும். ஆசிரியர்கள்கூடக் கேட்க வேண்டாம்.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு சிங்கப்பூரில் சம்பாதிப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் கதை வேறு. நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை, வாங்குவதற்குத் தனி அனுமதி வேண்டும். அப்படிப்பட்டவரிடம் நேராக வாங்காமல் ஹெச்.எம். வழியாக மேலே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். யாராக இருந்தாலும் தலைவியின் ஜிபே நம்பருக்குப் போடச் சொல்லாதீர்கள். அண்ணன் தம்பியே ஆனாலும் வேண்டாம்.

கம்பெனிகளும், வரிச் சலுகை ரசீது கேட்கிற பெரிய நன்கொடையாளர்களும் வந்தால் நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி இணையதளத்தைக் காட்டிவிடுங்கள். 2022 டிசம்பர் 19 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம். பள்ளியின் தேவைகளை ஹெச்.எம். அதில் பதிவு செய்து வைத்திருந்தால், கொடுப்பவர் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஒருவேளை எங்காவது ரொக்கமாகவே கொடுக்க நினைத்தால், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்

வாங்குவதைவிடக் கஷ்டமான வேலை இது. அலுவலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஐந்து, கிழிந்த துணி மூட்டை, பேட்டரி செத்த இன்வெர்ட்டர், எல்லாம் பள்ளியைத் தேடி வரும். ஒருமுறை வாங்கி உள்ளே வைத்துவிட்டால் வெளியே தள்ளுவதற்கு ஆயிரம் கையெழுத்து வேண்டும். அதுவரை ஒரு வகுப்பறை மூலை அடைந்து கிடக்கும்.

நல்ல பொருளாக இருந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கு வருடா வருடம் யார் செலவு செய்வது? தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் கொடுக்க நிறையப் பேர் தயார். உள்ளே இருக்கிற ஃபில்டரை மாற்ற யாரும் இல்லை. இரண்டு வருடத்தில் அது சுவரில் தொங்குகிற டப்பா. ஸ்மார்ட் டிவி என்றால் வயரிங் தாங்குமா, கதவுக்குப் பூட்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதனால் நாங்கள் சேர்கிற ரொக்கத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ரிப்பேருக்கு ஒதுக்கிவிடுகிறோம். மெஷின் கொடுப்பவரிடம், 'மூணு வருசத்துக்கு ஃபில்டரும் நீங்களே போட்டுத் தந்துடுங்கண்ணே' என்று கேட்டுவிடுகிறோம். நிஜமாகவே கொடுக்க நினைப்பவர் சரி என்பார்.

கணக்கு

பணம் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில்தான் இருக்க வேண்டும், ஹெச்.எம்.மும் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எடுக்கிற மாதிரி. பில் எப்போதும் பள்ளியின் பெயரில். தனி ஆள் பெயரில் பில் போட்டுவிட்டு 'அப்புறம் மாத்திக்கலாம்' என்பது நடக்காது.

பொருள் உள்ளே வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். தேதி, பொருள், எண்ணிக்கை, கொடுத்தவர் பெயர், ஹெச்.எம். கையெழுத்து. இதில் நான் ரொம்பக் கறாராக இருப்பேன். ஹெச்.எம். மாறுதலில் போவார், புதியவர் வருவார். அவருக்கு இந்த நாற்காலி அரசு கொடுத்ததா ஊர் கொடுத்ததா என்று தெரியாது. பதிவேட்டில் இல்லாத பொருள் பள்ளியிலும் இல்லாத பொருள்தான். திருவிழாவுக்கு இரவல் போன நாற்காலி திரும்பி வராது, கேட்கவும் ஆதாரம் இருக்காது. ஆசிரியர்களுக்கும் இது பாதுகாப்பு. நாளைக்கு யாராவது மொட்டைக் கடுதாசி போட்டால் காட்டுவதற்கு ஒன்று வேண்டுமே.

கொடுத்தவர்களுக்கு ஹெச்.எம். முத்திரையோடு ஒரு வரிக் கடிதம். வெளிநாட்டில் இருப்பவருக்கு, அவர் கொடுத்த பாயில் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் போட்டோ. பிள்ளைகளின் முகத்தை நெருக்கமாக எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம், முதுகுப் பக்கமாக எடுத்தாலே போதும். வரவு செலவை மாதக் கூட்டத்தில் வாசித்துவிட்டு, பில்களின் போட்டோவைக் குழு வாட்ஸப்பில் போட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கிராம சபையிலும் வாசியுங்கள், கேட்காவிட்டாலும்.

குழுவின் காலம் இரண்டு வருடம். என் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனால் நானும் போய்விடுவேன். அடுத்து வருகிற தலைவியிடம் கொடுக்க இப்போதே ஒரு துணிப்பை தைத்து வைத்திருக்கிறேன். அதில் தீர்மானங்களின் நகல், ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்த ரசீதுகள், விலை விசாரித்த தாள்கள், வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்களின் நம்பர், எந்தத் தோப்பில் எப்போது வெட்டு என்று எழுதிய சின்ன நோட்டு, பிறகு பாதியில் நிற்கும் வேலைகளின் பட்டியல். இப்போதைக்கு அதில் முதலில் இருப்பது பின்பக்கச் சுற்றுச்சுவர். அரசுப் பத்தியில்தான் இருக்கிறது, அடுத்த கிராம சபைக்குத் தாளை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.